பெரிக் சாகவேண்டியதில்லை

பழவேற்காடு
12-8-2007

ராபின்,

நீ அந்த வீடியோ கேமை முடிக்கவில்லை. முப்பத்தோரு மணி நேரத்தில் நிறுத்திவிட்டு, முடித்தவன் மாதிரி விமர்சனம் எழுதியிருக்கிறாய்.

உன் நம்பருக்கு அடித்தால் ‘உபயோகத்தில் இல்லை’ என்று வருகிறது. அதனால் ‘விசைத்தளம்’ பத்திரிகை முகவரிக்கே இதை அனுப்புகிறேன். ஆகஸ்ட் இதழைப் பொன்னேரி பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். இருபத்திரண்டாம் பக்கம், ‘கைக்குள் ஒரு கடல்: சால்ட் பெல் விமர்சனம்’, எழுதியவர் ராபின் தாவீது. உன் அப்பா பெயரையும் சேர்த்துப் போட்டிருக்கிறாய். நல்லது.

‘என் கையில் இருந்த ஆறு மாதமும்’ என்று ஆரம்பிக்கிறாய். கேம் பெட்டி உன் கையில் இருந்தது, உன்னுடையது இல்லை. என் மாமா அப்துல் வஹாப் சிங்கப்பூரிலிருந்து எனக்காகக் கொண்டுவந்தது. புதுவாயல் ரூமில் நான் வேலைக்குப் போனால் நீ ஆடுவாய், நீ போனால் நான். பெட்டியின் முதல் சேமிப்பு இடத்தில் என் ஆட்டம் இருந்தது, இரண்டாவது இடத்தில் உன் ஆட்டம். அதை நான் அழிக்கவில்லை. ஏழாம் அத்தியாயம், படகுத்துறை, 31 மணி 8 நிமிடம். மார்ச்சில் என் கை போன பிறகு பெட்டி என்னோடு ஊருக்கு வந்துவிட்டது. அப்புறம் நீ அதைத் தொடவே இல்லை.

கதையை அதுவரை சரியாகத்தான் சொல்லியிருக்கிறாய். கடல் ஏறி மூழ்கிக்கொண்டிருக்கும் நாடு. மணியடிக்கிற வேலை பார்க்கும் இலா என்ற பெண் ஊர் ஊராக நடந்து ஆள் சேர்க்கிறாள். கடைசி ஊரில் உள்ள உப்பு மணியை அடித்தால் கடல் பின்வாங்கும். சண்டையில் நாம் ஒரு அடி, அவர்கள் ஒரு அடி என்று முறை வைத்து நடப்பதை, சந்தையில் பேரம் பேசுவது மாதிரி என்று எழுதியிருக்கிறாய். அந்த வரி எனக்குப் பிடித்தது. ஆனால் ‘கொல்லன் பெரிக்கின் மரணம் தவிர்க்க முடியாதது’ என்று எழுதியிருக்கிறாயே, அது பொய். பெரிக் சாகவேண்டியதில்லை. என் ஆட்டத்தில் அவன் உயிரோடு இருக்கிறான்.

அடுத்தது நான்காவது பத்தி. நீ எழுதியதை அப்படியே எழுதுகிறேன்: ‘லெவல் ஏற எளிய உத்தி உண்டு. சைக்கிள் டியூபைச் சுண்டுவிரல் அகலத்துக்கு வெட்டுங்கள். A பட்டன் மேல் இரண்டு சுற்று. நடுவில் ஒரு தீக்குச்சியைச் செருகி ஒரு முறுக்கு. படகில் ஏறிவிட்டுச் சாப்பிடப் போங்கள். நண்டுகள் தானே வரும், அடி தானே விழும்.’

பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டே அதை மூன்று முறை படித்தேன். கம்பெனியில் தகட்டை அடித்துக் கீல் செய்கிற ஏழாம் நம்பர் பிரஸ்ஸின் வலது பட்டனில் இருந்ததும் இதே டியூப், இதே இரண்டு சுற்று, இதே தீக்குச்சி. இரண்டு பட்டனையும் இரண்டு கையால் சேர்த்து அழுத்தினால்தான் பிரஸ் இறங்க வேண்டும். அப்போதுதான் கை உள்ளே இருக்காது. ஒன்றைக் கட்டிவிட்டால் ஒரு கை ஷீட்டை வைக்கும், ஒரு கை பட்டனை அடிக்கும், மணிக்குத் தொண்ணூறு கீல் அதிகமாக வரும். நம் லைனில் பத்து பிரஸ்ஸுக்கும் அதைக் கட்டியது லைன் லீடரான நீ. கட்டச் சொன்னவர் சூப்பர்வைசர் சடையப்பன். கம்பெனி ரிப்போர்ட்டில் ‘தொழிலாளி தானே பட்டனைக் கட்டிக்கொண்டு இயக்கினார்’ என்று இருக்கிறது. கீழே சாட்சிக் கையெழுத்து உன்னுடையது.

ஆஸ்பத்திரிச் செலவு, இழப்பீடு பற்றி நான் எழுதவில்லை. ஈ.எஸ்.ஐ. அதைப் பார்த்துக்கொண்டது. அக்டோபர் 10ஆம் தேதி திருவள்ளூரில் தொழிற்சாலை ஆய்வாளர் விசாரணை இருக்கிறது. வந்து, கட்டியது யார், கட்டச் சொன்னது யார் என்று சொல்.

எழுத்து கோணலாக இருக்கும். இடது கை.

மொஹசின்


திருநின்றவூர்
26-8-2007

அன்புள்ள மொஹசின் பாய்,

ஆசிரியர் உன் கடிதத்தைப் பிரிக்காமல் கொடுத்தார். “வாசகர் கடிதமா தம்பி? திட்டா, பாராட்டா?” என்றார். “ரெண்டும் சார்” என்றேன்.

முடிக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பத்திரிகையில் எழுதுகிறவர்களில் முப்பத்தோரு மணி நேரம் ஆடியவன் நானாகத்தான் இருப்பேன். அட்டைப்பெட்டியின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு இரண்டு பக்கம் எழுதுகிறவர்களை எனக்குத் தெரியும். நான் எல்லாவற்றையும் ஞாபகத்திலிருந்து எழுதினேன், அம்பத்தூர் போகிற ரயிலில், நின்றுகொண்டே. கதையம்சத்துக்கு நான்கு நட்சத்திரம், ஆட்டமுறைக்கு மூன்றரை. குறைத்துவிட்டேனா?

பெரிக் எப்படிப் பிழைத்தான் என்று சொல். நிஜமாகவே கேட்கிறேன். நான் வந்து பார்த்தபோது என் குழுவில் மூன்று பேர்தான் இருந்தார்கள். ‘பெரிக் மதகோடு போய்விட்டான்’ என்று ஒரே ஒரு வரி. நான் அழாத குறை.

மற்ற விஷயம். அந்தக் காகிதம் இங்கிலீஷில் இருந்தது. உன்னை வண்டியில் ஏற்றிவிட்டு வந்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை. என் சட்டையைக்கூட மாற்றவில்லை. சடையப்பன் சார் ஒரு இடத்தில் விரலை வைத்து, “போடு ராபினு, இது போனாத்தான் ஆஸ்பத்திரில சேப்பான், லேட்டாவுது” என்றார். போட்டேன். உனக்காகப் போடுகிறேன் என்றுதான் நினைத்தேன். இதை நீ நம்ப வேண்டாம், கேட்டுக்கொண்டால் போதும்.

ஜூனில் என்னை பர்மனென்ட் ஆக்கி அம்பத்தூர் யூனிட்டுக்கு மாற்றினார்கள். நான்கு வருடம் கான்ட்ராக்ட்டில் இருந்தேன், உனக்குத் தெரியும். அப்பா அந்த அடையாள அட்டையை முதல் நாள் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றார். தங்கை சோனியா சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்துவிட்டார்கள்.

புதுவாயலில் ரீசார்ஜ் கடை ஒன்றில் ஆள் கேட்கிறார்கள். உட்கார்ந்து பார்க்கிற வேலை. சொல்லி வைக்கட்டுமா? விசாரணையைப் பற்றி நேரில் பேசிக்கொள்ளலாம். போனில் வேண்டாம், வீட்டில் எல்லோரும் இருக்கிறார்கள்.

ராபின்


பழவேற்காடு
3-9-2007

ராபின்,

நேரில் பேசலாம் என்கிறாய், எங்கே என்று எழுதவில்லை. போனில் வேண்டாம் என்கிறாய், புது நம்பரையும் எழுதவில்லை.

ரீசார்ஜ் கடை வேண்டாம். மாமாவின் துணிக்கடையில் உட்காருகிறேன். எட்டு விரலால் துணி மடிக்க முடியும்.

பெரிக் கதையைக் கேட்டாய். நாம் ரூமில் ஆடியபோது இரண்டு பேருமே வசனத்தைப் படித்ததில்லை. இங்கிலீஷ் வசனம் வந்தால் A பட்டனைத் தட்டித் தட்டித் தள்ளிவிடுவோம். இங்கே நான்கு மாதம் சும்மா இருந்தபோது ஹுமைராவின் பள்ளிக்கூட அகராதியை வைத்துக்கொண்டு முதலிலிருந்து ஒவ்வொரு வரியாகப் படித்தேன். அவள் ஒன்பதாவது படிக்கிறாள். “அண்ணே, நீ பரிட்சைக்கு இப்டிப் படிச்சிருந்தா கலெக்டரு ஆயிருப்பே” என்கிறாள்.

ஏழாம் அத்தியாயத்தில் படகு மூன்று சுற்று முடித்ததும் அரண்மனை அதிகாரியின் ஆள் ஒருவன் படகில் ஏறுகிறான். ‘வெள்ளம் வந்துவிட்டது, மதகைத் திறக்கட்டுமா?’ என்று கேட்கிறான். ஆம், இல்லை என்று இரண்டு பதில். அம்புக்குறி ‘ஆம்’ மேல் நிற்கும். மதகுக்கு அடியில் பெரிக் வேலை செய்துகொண்டிருக்கிறான் என்பதை அதற்கு நான்கு வரி முன்னாலேயே சொல்லிவிடுகிறார்கள். மூன்று முறை கேட்பான். மூன்று முறையும் ‘இல்லை’ என்றால் பெரிக் வெளியே வந்துவிடுவான்.

உன் ஆட்டத்தில் கேள்வி வந்தபோது நீ அங்கே இல்லை. மெஸ்ஸில் சாப்பிட்டுக்கொண்டிருந்தாய். பட்டன் கட்டியிருந்தது. மூன்று முறையும் உன் ரப்பர் ‘ஆம்’ என்றது. நீ அதைத் தவிர்க்க முடியாத மரணம் என்று எழுதி நான்கு நட்சத்திரம் போட்டுவிட்டாய்.

‘இல்லை’ என்று சொல்வது லேசு இல்லை, அதையும் எழுதுகிறேன். அதிகாரி படகைப் பிடுங்கிக்கொள்வான். நல்ல வாள் போய்விடும். அடுத்த இரண்டு அத்தியாயமும் நடை. நான் பதினான்கு முறை செத்தேன். ஆட்டமுறைக்கு மூன்றரை நட்சத்திரம் அதிகம். தற்காப்புக்கு மேல் விளிம்பில் இருக்கும் R பட்டனை வலது ஆள்காட்டி விரலால் அழுத்த வேண்டும். எனக்கு அந்த விரல் இல்லை, அதற்கு அடுத்ததும் இல்லை. பெட்டியை முழங்காலில் சாய்த்துப் பிடித்து, தாடையால் அழுத்தப் பழகினேன். பத்து விரல் இருக்கிறவனுக்கு மட்டும்தான் யோசித்துச் செய்திருக்கிறார்கள். விமர்சனத்தில் இதையும் எழுதலாம்.

போன வாரம் கிரேஸ் வந்திருந்தாள். சோழவரத்துப் பெண், பேக்கிங்கில் இருந்தாளே, அவள்தான். என்னைப் பார்க்க பிஸ்கட் வாங்கிக்கொண்டு இரண்டு பஸ் மாறி வந்தாள். ஏழாம் நம்பர் பிரஸ்ஸில் இப்போது அவளை நிறுத்தியிருக்கிறார்கள்.

“ரப்பரு?” என்று கேட்டேன்.

“அப்டியேதான் கீது அண்ணா. கழட்னா கவுன்ட்டு வராதுன்றாரு சடையப்பன் சாரு. ‘மொஹசினு பராக்கு பாத்துக்கினு கைய வுட்டான், நீ ஒயுங்கா பாரு’ன்றாரு.”

“நீ இன்னா சொன்னே?”

“இன்னா சொல்றது? சரின்னேன்.”

அவளுக்குப் பத்தொன்பது வயது. அக்டோபர் 10இல் நீ வாய் திறந்தால் அந்த ரப்பர் கழற்றப்படும். நான்தான் கட்டினேன் என்று முடிந்தால் அது என் ஒருவனுடைய தப்பு, பிரஸ் அப்படியே ஓடும். ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு, அல்லது வா.

மொஹசின்


திருநின்றவூர்
16-9-2007

அன்புள்ள மொஹசின்,

நோன்பு தொடங்கிவிட்டதாக எதிர்வீட்டுக்காரர் சொன்னார். வாழ்த்துகள். போன வருடம் நீ நோன்பு திறக்கிற நேரத்துக்கு நானும் உன்னோடு கஞ்சி குடிப்பேன். பகலில் மூன்று வேளை சாப்பிட்டுவிட்டுத்தான்.

மூன்று முறை கேட்பான் என்பது எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. படித்ததிலிருந்து அதுவேதான் ஓடிக்கொண்டிருக்கிறது. அக்டோபர் இதழில் திருத்தம் போடச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். உன் பெயரையும் போடுவேன்.

நீ எழுதியதை நான் மறுக்கவில்லை. ஆனால் நீ ஒன்றை யோசிக்கவில்லை. உனக்கு மாமா கடை இருக்கிறது. உங்கள் தெருவில் நான்கு கடை உங்கள் சொந்தக்காரர்களுடையது. கை போனாலும் உட்கார ஒரு இடம் இருக்கிறது. என் தாத்தாவும் அப்பாவும் அடுத்தவன் வயலில் நின்றார்கள். எங்கள் வீட்டில் மாதச் சம்பளச் சீட்டு வாங்கிய முதல் ஆள் நான். நான் வாய் திறந்தால் அந்த அட்டை ஒரே நாளில் போகும். கும்மிடிப்பூண்டியில் எந்த கம்பெனி கேட்டிலும் என்னை உள்ளே விடமாட்டார்கள். உங்கள் வீட்டில் உண்மை பேச வசதி இருக்கிறது, பாய். எங்கள் வீட்டுக்கு அது இன்னும் வரவில்லை.

கிரேஸிடம் கையை ஜாக்கிரதையாக வைக்கச் சொல். நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம்.

யோசிக்க நேரம் கொடு. இதைப் படித்ததும் கிழித்துவிடு.

ராபின்


பழவேற்காடு
11-10-2007

ராபின்,

கிழிக்கவில்லை. கிழிக்கிற அளவுக்கு அதில் ஒன்றும் இல்லை. ‘மறுக்கவில்லை’ என்று எழுதியிருக்கிறாய், ‘கட்டினேன்’ என்று ஒரு இடத்திலும் எழுதவில்லை. நீ நன்றாக எழுதுகிறாய்.

கடை பற்றி நீ சொன்னதில் பாதி உண்மை. சிங்கப்பூர்ச் சாமானும் துணியும் விற்கிற வீட்டுப் பையன் எதற்காக பிரஸ் ஷாப்புக்கு வந்தான் என்று நீ கேட்டதில்லை. மாமா கடையில் நான் அழையாத விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருக்கிறேன். ‘கை போனவன்’ என்று சொல்லித்தான் வாடிக்கையாளருக்கு அறிமுகம் செய்கிறார். ஆனால் மீதிப் பாதி உண்மைதான். அதை நான் மறுக்க மாட்டேன்.

அக்டோபர் இதழ் சனிக்கிழமை கிடைத்தது. திருத்தம் நான்காம் பக்கத்தில், கட்டம் கட்டி: ‘பெரிக்கைக் காப்பாற்ற முடியும் என்பதைக் கண்டுபிடித்தவர் பழவேற்காட்டு நண்பர் மொஹசின். அவருக்கு நன்றி. ரப்பர் உத்தியை எனக்குக் கற்றுத்தந்ததும் அவரே.’

முதல் இரண்டு வரியைப் படித்துவிட்டு ஹுமைராவைக் கூப்பிட்டேன், என் பெயர் அச்சில் வந்திருக்கிறது என்று காட்ட. மூன்றாவது வரியை அவள்தான் சத்தமாகப் படித்தாள்.

நேற்று விசாரணையில் கம்பெனி மேனேஜர் அந்தப் பக்கத்தின் ஜெராக்ஸை எடுத்து நீட்டினார். “சார், பொம்மைப் பெட்டிலகூட இவன் இதான் பண்ணுவான். இவன் ஃபிரெண்டே எழுதிக்கீறான் பாருங்க” என்றார். நான் ஆகஸ்ட் இதழைக் கொடுத்தேன். அதிகாரி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தார். லெவல் என்றால் என்ன, நண்டு எதற்காகப் படகில் ஏறுகிறது என்று கேட்டார். நான் விளக்கினேன். மேனேஜர் சிரித்தார், அதிகாரி சிரிக்கவில்லை. “இதை எழுதினவர் எங்கே? அவர் வந்து சொல்லட்டும்” என்று 31ஆம் தேதிக்குத் தள்ளிவைத்தார்.

எழுதினவர் எங்கே என்று எனக்குத் தெரியும். ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தேன். எதிரே டீக்கடையில் நீல யூனிஃபார்மில் நீ நின்றுகொண்டிருந்தாய். அரை மணி நேரம் நின்றாய். அதிகாரி கேட்டபோது நான் கையை நீட்டிக் காட்டியிருக்கலாம். காட்டவில்லை. நீயாக வருவாய் என்று நினைத்தேன்.

மொஹசின்


திருநின்றவூர்
18-10-2007

மொஹசின்,

பெருநாள் வாழ்த்து. நான்கு நாள் தாமதம்.

மூன்றாவது வரியை ஆசிரியர் சேர்த்துவிட்டார் என்று எழுதலாம் என்று நினைத்தேன். அப்படி இரண்டு தாள் எழுதிக் கிழித்துவிட்டேன். அதை எழுதியது நான்தான்.

செப்டம்பர் 23, ஞாயிற்றுக்கிழமை சடையப்பன் சார் வீட்டுக்கு வந்தார். கையில் ஆகஸ்ட் இதழ். யார் கொடுத்தார்கள் என்று தெரியவில்லை. திட்டவே இல்லை. “சூப்பரா எழுதிக்கீறியே நைனா. இத்த யாரு உனக்குச் சொல்லிக் குட்த்தது? மொஹசினா? அத்தயும் சேத்து எய்துனா நல்லாருக்கும்ல?” என்றார். சோனியா டீ போட்டுக் கொடுத்தாள். குடித்துவிட்டு அவளைப் பார்த்து, “படிச்சிட்டு இன்னாம்மா பண்ணப் போறே? நம்ம ஆபீஸ்ல ஆள் ஓணும்” என்றார். அப்பா எழுந்து நின்று கும்பிட்டார். எனக்கு அந்தக் கும்பிடுதான் மறக்கவில்லை.

டீக்கடையில் இரண்டு டீ குடித்தேன். முதலாவது முடிந்ததும் வரலாம் என்று நினைத்தேன், பிறகு இரண்டாவது முடிந்ததும். உள்ளே மேனேஜர் உன்னைப் பார்த்துச் சிரிப்பது தெரிந்தது. அப்புறம் ரயிலுக்கு நேரமாகிவிட்டது. இல்லை, அடுத்த ரயில் இருபது நிமிடத்தில் இருந்தது.

நீ சொல்வது போல நான் நல்லவன் இல்லை. நீ அப்படி எங்கும் சொல்லவில்லை என்பதும் தெரியும்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். பெரிக் பிழைத்தால் கடைசியில் என்ன ஆகிறது?

ராபின்


பழவேற்காடு
22-10-2007

ராபின்,

இந்தக் கடிதத்தில்தான் நீ முதல் தடவையாக எனக்கு எழுதியிருக்கிறாய். முந்தையதெல்லாம் பத்திரிகைக்கு எழுதியது மாதிரி இருந்தது.

கேட்டதற்குப் பதில். பெரிக் பிழைத்தால் உப்பு மணி அடிக்காது. மதகு நேரத்துக்குத் திறக்காததால் மணிக்கோபுரத்துக்குள் தண்ணீர் ஏறிவிடுகிறது. இலா மேலே ஏறிக் கயிற்றை இழுக்கிறாள், சத்தம் வரவில்லை. பாதி நாடு முழுகிவிடுகிறது. மீதிப் பேர் பானை சட்டியைத் தூக்கிக்கொண்டு மலையேறுகிறார்கள். பெரிக் ஒரு ஆட்டுக்குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு கடைசி ஆளாக வருகிறான். இலா ஆட்களை எண்ணுகிறாள். ஊருக்குப் போகிற வழியில்லை, வீடு இல்லை, ஆனால் எண்ணிக்கை சரியாக இருக்கிறது. அத்தோடு எழுத்துகள் ஓடத் தொடங்கிவிடும். எனக்கு முதலில் ஏமாற்றமாக இருந்தது. ஐம்பத்திரண்டு மணி நேரம் ஆடியதற்கு ஒரு மணிச் சத்தமாவது கேட்டிருக்கலாம். இப்போது இதற்கு மேல் ஒரு முடிவு வைக்க முடியாது என்று தோன்றுகிறது. கதைக்கு ஐந்து நட்சத்திரம் போடு.

நேற்று கிரேஸ் மாமா கடைக்குப் போன் செய்தாள். வெள்ளிக்கிழமை பிரஸ் அவள் கையுறையைப் பிடித்துவிட்டது. கையுறை மட்டும்தான், கை உருவி வந்துவிட்டது. “ஒண்ணும் ஆவல அண்ணா, ஒண்ணும் ஆவல” என்று ஆறு ஏழு முறை சொன்னாள். அழுதாளா என்று தெரியவில்லை, பின்னால் பிரஸ் ஓடுகிற சத்தம்தான் கேட்டது. கையுறை போனதற்கு சடையப்பன் அவளை மன்னிப்புக் கடிதம் எழுதச் சொல்லியிருக்கிறார். எழுதிக் கொடுத்திருக்கிறாள். சாட்சிக் கையெழுத்துப் போட்டது இப்போதைய லைன் லீடர். அவன் பெயரை நான் கேட்கவில்லை. அவனும் கான்ட்ராக்ட்தான்.

சோனியாவை சடையப்பன் ஆபீசுக்கு அனுப்பாதே. உன் அப்பாவிடம் நானே வந்து பேசுகிறேன், வேண்டுமென்றால். அட்டை போனால் எங்கே போவேன் என்று கேட்கிறாய். எனக்குத் தெரியாது. மாமா கடையில் உனக்கும் ஒரு இடம் இருக்கிறது என்று எழுதினால் அது பொய். எனக்கே அங்கே இடம் இல்லை.

இந்த முறை நான் ஜன்னல் பக்கம் உட்கார மாட்டேன். அக்டோபர் 31, புதன்கிழமை, காலை பதினொரு மணி. டீ வேண்டாம், நேராக உள்ளே வா. அதிகாரி கேட்டதும் எழுந்து நில். முதலில் உன் பெயரைச் சொல். அப்புறம் கட்டச் சொன்னவர் பெயரைச் சொல்.

மொஹசின்